பாஸ்வேர்டைப் பூட்டுவது பற்றி, குமரனுக்கு

அன்புள்ள குமரா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுபடி காலையில் பேப்பரோடு உட்கார ஆரம்பித்துவிட்டார்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். விண்டோஸ் சர்வரில் ஓடிய அப்ளிகேஷனை லினக்ஸ் கன்டெய்னருக்கு மாற்றினால், வெப்.கான்ஃபிக் என்ற செட்டிங்ஸ் கோப்பில் பூட்டி (என்கிரிப்ட் செய்து) வைத்திருந்த டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அங்கே திறக்கவில்லை என்றாய். திறக்காதுதான். அதைப் பூட்டியது டிபிஏபிஐ, விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் பூட்டும் வசதி; விண்டோஸ் 2000 காலத்திலிருந்து வருகிறது. அதன் சாவி அந்த மெஷினோடோ யூசரோடோ ஒட்டியது. மெஷின் சாவியால் பூட்டியதை, பக்கத்திலிருக்கும் இன்னொரு விண்டோஸ் மெஷினில்கூடத் திறக்க முடியாது. அதனால் லினக்ஸில் இதற்கு மாற்று எது என்று தேடாதே. மெஷினை நம்பிப் பூட்டும் முறையையே விட்டுவிடு.

கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெடிஸில், ரகசியங்களுக்கென்று இருக்கும் சீக்ரெட்டில் போட்டுவிட்டால் போதும் என்று உங்கள் ஆட்கள் சொல்வதாக எழுதியிருந்தாய். அந்த யாமல் கோப்பில் இருப்பது வெறும் பேஸ்64, அதாவது எழுத்துகளை வேறு வடிவில் எழுதியது மட்டும்தான், பூட்டு இல்லை. யார் வேண்டுமானாலும் ஒரு கமாண்டில் படித்துவிடலாம். அதை அப்படியே கிட்டில் (கோடின் பழைய பதிப்புகளையும் சேர்த்து வைத்திருக்கும் கருவி) ஏற்ற விடாதே.

நான் பரிந்துரைப்பது சாப்ஸ். கோப்புகளில் உள்ள ரகசியங்களைப் பூட்ட மொசில்லாவில் 2015-இல் தொடங்கிய கருவி; 2023 முதல் ஓப்பன் சோர்ஸ் திட்டங்களைப் பராமரிக்கும் சிஎன்சிஎஃப் அமைப்பின் கீழ் இருக்கிறது. யாமல், ஜேசன், டாட் என்வி போன்ற செட்டிங்ஸ் கோப்பு வகைகளைக் கையாளும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, பெயர்களைத் தொடாமல் மதிப்புகளை மட்டும் பூட்டுவது. எந்த வரி மாறியது என்று ரிவ்யூவில் தெரியும், என்ன பாஸ்வேர்டு என்று தெரியாது. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு டேட்டா கீ உண்டாகும். மதிப்புகளை அது பூட்டும். அந்த டேட்டா கீயை, அனுமதி உள்ள ஒவ்வொருவரின் பப்ளிக் கீயாலும் (வெளியே கொடுக்கக்கூடிய, பூட்ட மட்டுமே உதவும் சாவி) தனித்தனியாகப் பூட்டி அதே கோப்பின் அடியில் வைத்துவிடும். அவரவர் சாவியை உண்டாக்க ஏஜ் என்ற சிறிய கருவி போதும். உங்கள் டீமில் மூன்று வகை மெஷினும் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: சாப்ஸ் சாவிக் கோப்பைத் தேடும் இடம் லினக்ஸில் ஒன்று, மேக்கில் வேறு, விண்டோஸில் வேறு. எஸ்ஓபிஎஸ்_ஏஜ்_கீ_ஃபைல் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் பாதையைக் கொடுத்துவிட்டால் அந்தக் குழப்பமே வராது.

இதுவரை சொன்னது சுலபம். ஆள் மாறும்போதுதான் கஷ்டம், அதை யாரும் யோசிப்பதில்லை. ஒருவர் வேலையை விட்டுப் போகிறார் என்று வை. பட்டியலிலிருந்து அவர் சாவியை எடுத்து சாப்ஸின் அப்டேட்கீஸ் கமாண்டை ஓட்டுவார்கள், முடிந்தது என்று நினைப்பார்கள். முடியவில்லை, குமரா. டேட்டா கீ அப்போதும் பழையதுதான். அதைத் தனியாக ரொட்டேட் செய்ய (புதிதாக மாற்ற) வேண்டும். அதைச் செய்தாலும் கிட்டின் பழைய கமிட்டுகள் (சேமித்த பழைய பதிப்புகள்) அவருடைய லேப்டாப்பில் இருக்கலாம், அவர் சாவி அவற்றைத் திறக்கும். ஆகவே டேட்டாபேஸ் பாஸ்வேர்டையே, ஏபிஐ டோக்கனையே மாற்றியாக வேண்டும். வீட்டுச் சாவியை ஒருவர் நகல் எடுத்திருந்தால் பூட்டையே மாற்றுவோம் இல்லையா, அதுதான் இதுவும்.

டொயோட்டாவுக்கு நடந்தது நினைவிருக்கிறதா? காரை இணையத்தோடு இணைக்கும் டி-கனெக்ட் சேவையின் சோர்ஸ் கோடில் ஒரு பகுதி, வாடிக்கையாளர் தகவல் இருந்த சர்வரின் ஆக்சஸ் கீயோடு, 2017 டிசம்பரிலிருந்து 2022 செப்டம்பர் வரை கோடை ஏற்றி வைக்கும் கிட்ஹப் தளத்தில் பொதுவில் கிடந்தது. அதை ஏற்றியது வெளி ஒப்பந்த நிறுவனம். சுமார் 2 லட்சத்து 96 ஆயிரம் வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரி கசிந்திருக்கலாம் என்று அறிவித்தார்கள். இடையில் ஒரே ஒருமுறை அந்தக் கீயை மாற்றியிருந்தால், பொதுவில் கிடந்தது செல்லாத கீயாக இருந்திருக்கும். இதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அதனால் புது சர்வருக்குப் போகும் நாளிலேயே பழைய பாஸ்வேர்டு எல்லாவற்றையும் மாற்றிவிடு. வெப்.கான்ஃபிக்கில் இருந்ததை அப்படியே கொண்டுபோகாதே. எந்த ரகசியம் எந்த சர்வீஸுக்கு, யார் மாற்ற வேண்டும் என்று ஒரு பட்டியலும் போட்டு வை. சர்வருக்குத் தனி ஏஜ் சாவி கொடு, உன்னுடையதைக் கொடுக்காதே.

யார் யார் சாவியால் பூட்ட வேண்டும் என்று சாப்ஸுக்குச் சொல்லும் டாட் சாப்ஸ் டாட் யாமல் கோப்பை எழுதியதும் எனக்கு அனுப்பு. அதில் பப்ளிக் கீ மட்டும்தான் இருக்கும், தயங்காமல் அனுப்பலாம். அடுத்த மாதம் கோவை வந்தால் வீட்டிலேயே தங்கு, ஹோட்டல் எல்லாம் வேண்டாம்.

அன்புடன்,
செல்வம்