தாமதமாகச் சொன்னால் பொய்யாகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு வயதில் தனக்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமையைப் பல ஆண்டுகள் கழித்து வெளியே சொன்ன ஒரு பெண்ணைப் பற்றிய செய்தி அண்மையில் தங்கள் நாளிதழில் வந்தது. அதையொட்டி வெளியான வாசகர் கடிதங்கள் சிலவற்றில், "உண்மையென்றால் அப்போதே ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்வி எழுப்பப்பட்டிருந்தது. கேட்டவர்கள் தீய எண்ணத்தோடு கேட்டதாக நான் கருதவில்லை. ஆனால் இன்றுவரை ஒருவரிடமும் சொல்லாமல் இப்படியொரு நினைவைச் சுமந்துகொண்டிருக்கும் வாசகர்களும் அந்தப் பக்கத்தைப் படித்திருப்பார்கள்; சொல்லிவிடலாம் என்று நெடுநாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தவர்கள், இந்தக் கேள்வியைக் கண்டதும் பின்வாங்கியிருப்பார்கள். சிறுமியாக இருந்தபோது அத்தகைய கொடுமைக்கு ஆளாகி, நடுவயதில்தான் அதை முழுமையாகச் சொல்ல முடிந்தவள் என்ற முறையில், அக்கேள்விக்குப் பதில் எழுதுவது என் கடமை என்று நினைக்கிறேன்.

காலம் கடந்து சொல்வது ஏதோ ஓரிருவரின் விசித்திரம் என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் பள்ளிகள், தேவாலயங்கள், காப்பகங்கள் முதலிய அமைப்புகளில் குழந்தைகள்மீது நிகழ்த்தப்பட்ட பாலியல் கொடுமைகளை ஆராய அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையம், 2013 முதல் 2017 வரை செயல்பட்டு, பாதிக்கப்பட்டவர்கள் 8,000 பேருடைய அனுபவங்களைத் தனிப்பட்ட அமர்வுகளில் கேட்டறிந்தது. அவர்கள் தமக்கு நேர்ந்ததை முதன்முதலாக ஒருவரிடம் சொல்வதற்குச் சராசரியாக 23.9 ஆண்டுகள் ஆகியிருந்தன என்பது அந்த ஆணையத்தின் கண்டறிதல். பெண்களைக் காட்டிலும் ஆண்களுக்கு இன்னும் அதிகக் காலம் பிடித்திருக்கிறது. ஆண் பிள்ளைகளுக்கு இப்படி நடக்காது என்று நம்பிக்கொண்டிருக்கும் பெற்றோர் இதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்: யுனிசெஃப் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் இன்று வாழும் பெண்களில் எட்டில் ஒருவரும் ஆண்களில் ஏறத்தாழ பதினொருவரில் ஒருவரும் 18 வயதுக்குள் வன்புணர்வுக்கோ பாலியல் தாக்குதலுக்கோ ஆளானவர்கள்.

ஒரு குழந்தை ஏன் சொல்வதில்லை? கொடுமை செய்பவர் பெரும்பாலும் அந்நியர் அல்லர். உறவினர், குடும்ப நண்பர், ஆசிரியர், பயிற்சியாளர் என்று குழந்தைக்கு நன்கு தெரிந்தவராகவும், வீட்டிலுள்ள பெரியவர்களின் மதிப்பைப் பெற்றவராகவும் இருக்கிறார். பெரியவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று வளர்க்கப்பட்ட பிள்ளையின் கீழ்ப்படிதலையே அவர் தமக்குச் சாதகமாக்கிக்கொள்கிறார். முதலில் பரிசு, செல்லம், தனிக் கவனம். பிறகு இது நம் இருவருக்குள் இருக்கட்டும் என்ற வேண்டுகோள். அதன் பிறகு மிரட்டல். நடந்ததைச் சொல்லக் குழந்தையிடம் சொற்கள் இல்லை, அது தவறு என்பது புரியும்போதோ தானும் அதற்கு உடந்தை என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றிவிடுகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் ரோலண்ட் சம்மிட் 1983இலேயே இதை விரிவாக எழுதினார். இரகசியத்தில் தொடங்கி, கையறுநிலையில் சிக்கி, தப்ப வழியின்றி அதற்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும் குழந்தை, காலம் கடந்து, நம்பும்படியாக இல்லாத விதத்தில் சொல்கிறது என்றும், குடும்பம் குலைவதைக் கண்டதும் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது என்றும் அவர் விளக்கினார். தடுமாற்றத்தையும் பின்வாங்கலையும் பொய்யின் அடையாளமாகக் கொள்பவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது வேறொன்று. பல குழந்தைகள் அப்போதே சொல்லிவிடுகிறார்கள். நானும் சொன்னேன். அந்த மனிதர் வரும் நாட்களில் வயிற்று வலி என்று படுத்துக்கொண்டேன். அவருடன் தனியாக அனுப்ப வேண்டாம் என்று அழுதேன். நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று படிப்பில் பின்தங்கினேன். இரவில் விளக்கை அணைக்க விடவில்லை. இவை ஒவ்வொன்றும் ஒரு வாக்குமூலம்தான். பிடிவாதம் என்று திட்டினார்கள், மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள், அந்த மனிதரின் மனம் புண்படும்படி நடந்துகொண்டதற்காக என்னையே அவரிடம் மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். ஒரு முறை துணிந்து, எனக்குத் தெரிந்த சொற்களில், வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இதை இனி யாரிடமும் சொல்லாதே என்றார். அவரை இன்று நான் வெறுக்கவில்லை. அவருக்கும் அச்சம் இருந்திருக்கும். ஆயினும் அந்த ஒரு வாக்கியம் என் வாயைப் பல ஆண்டுகளுக்கு அடைத்துவிட்டது. எனவே, ஏன் சொல்லவில்லை என்று பாதிக்கப்பட்டவரிடம் கேட்பதற்கு முன், அந்தக் குழந்தையைச் சுற்றியிருந்த பெரியவர்கள் ஏன் கேட்கவில்லை என்பதைக் கேட்க வேண்டும்.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு கேள்வி, ஏன் எதிர்த்துப் போராடவில்லை என்பது. பெரும் அச்சத்தின்போது உடல் ஓடவோ எதிர்க்கவோ செய்யும் என்று நாம் எண்ணுகிறோம்; அசைவற்று உறைந்துபோவதும் அதே அச்சத்தின் விளைவுதான், அது மனத்தின் கட்டளைக்கு உட்பட்டதன்று. ஸ்டாக்ஹோமில் வன்புணர்வுக்குப் பின் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் செய்யப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், 70 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க அளவில் இவ்வாறு உறைந்துபோயிருந்தது தெரியவந்தது. வளர்ந்த பெண்களின் நிலையே இதுவென்றால், குழந்தையிடம் எதிர்ப்பை எதிர்பார்ப்பது எவ்விதத்தில் நியாயம்?

பொய்ப் புகார்களும் வரக்கூடுமே என்பார்கள். வரலாம், அதை விசாரித்து முடிவு செய்யக் காவல்துறையும் நீதிமன்றமும் இருக்கின்றன. ஒருவர் சொல்வதைப் பொறுமையாகக் காதுகொடுத்துக் கேட்பது தீர்ப்பு வழங்குவது ஆகாது.

குற்றம் சாட்டப்பட்டவர் முதலில் மறுப்பதும், பிறகு சொன்னவரின் நடத்தையைத் தாக்குவதும், கடைசியில் தாமே பாதிக்கப்பட்டவர் என்று நிலைமையைத் தலைகீழாக்குவதும் அடிக்கடி நாம் காணும் காட்சிகள். உளவியல் அறிஞர் ஜெனிஃபர் ஃபிரெய்ட் 1997இல் இதை ஒரு தனித்த உத்தியாகவே அடையாளம் காட்டினார். சுற்றியிருப்பவர்கள் இந்த உத்திக்குப் பலியாகும்போது, பாதிக்கப்பட்டவர் இரண்டாம் முறையும் கைவிடப்படுகிறார். பிரான்சில், கணவரே மயக்க மருந்து கொடுத்து, தாமும் தாம் வரவழைத்த ஆண்களுமாகப் பல ஆண்டுகள் வன்புணர்ந்த ஜிசெல் பெலிகோ என்ற பெண் 2024இல் செய்ததை இந்த இடத்தில் நினைக்கிறேன். மூடிய அறையில் வழக்கை நடத்தும் உரிமை இருந்தும் அதை அவர் மறுத்தார். வெட்கப்பட வேண்டியவர்கள் குற்றம் செய்தவர்களே என்ற உறுதியோடு பொது விசாரணையில் அமர்ந்தார். அவருடைய முன்னாள் கணவர் உட்பட 51 ஆண்களும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. அவரை நான் மிகவும் மதிக்கிறேன். அதே நேரத்தில், முகம் காட்டிப் பேசுவதுதான் துணிச்சல் என்று எவரும் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒரு புதிய கட்டாயத்தை உண்டாக்கிவிடக் கூடாது. எப்போது, யாரிடம், எவ்வளவு சொல்வது என்பதை முடிவு செய்யும் உரிமை சொல்பவருக்கே உரியது. உடலின்மீது பறிக்கப்பட்ட உரிமையைச் சொல்லின்மீதாவது அவர் திரும்பப் பெறட்டும்.

குழந்தைப் பருவத் துன்பங்கள் மனச்சோர்வுக்கும் போதைப் பழக்கத்துக்கும் மட்டுமன்றி இதய நோய்க்கும்கூட வாய்ப்பை அதிகரிக்கின்றன என்பது 1998இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்று முதல் பலமுறை உறுதிப்பட்டிருக்கிறது. ஆனால் வாய்ப்பு வேறு, விதி வேறு. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சுவழி உளவியல் சிகிச்சையை உலகச் சுகாதார நிறுவனம் 2013இலேயே பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பரிந்துரைத்திருக்கிறது. சொன்னதும் நம்பி, குற்றம் சுமத்தாமல், உடன் நிற்கும் ஒரு பெரியவர் கிடைத்த பிள்ளைகள் மற்றவர்களைவிட நன்றாக மீள்கிறார்கள். எனக்கு அப்படியொருவர் காலம் கடந்துதான் கிடைத்தார், என் அக்கா. நான் சொல்லி முடித்ததும் அவர் தேதியோ இடமோ கேட்கவில்லை, உனக்கு இப்போது என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டார். ஓர் உளவியல் ஆலோசகரிடம் முதல் நாள் என்னுடன் வந்து வெளியே காத்திருந்தார். இன்று எனக்கு வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, உறக்கம் வருகிறது. சில நாட்களில் பழைய அச்சம் எட்டிப் பார்க்கும்; அதைக் கையாளவும் கற்றுக்கொண்டேன்.

தங்களிடம் எனக்குச் சில கோரிக்கைகள் உண்டு. பாலியல் கொடுமைச் செய்திகளோடு, முழங்காலில் முகம் புதைத்து அமர்ந்திருக்கும் பெண்ணின் படத்தை அச்சிடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். தலைகுனிய வேண்டியவர் அவர்தாம் என்று அந்தப் படம் மறுபடியும் மறுபடியும் சொல்கிறது. அவருடைய வாழ்க்கை பாழாகிவிட்டது என்று எழுதாதீர்கள். அதை அவரும் படிக்கிறார். பெயரை மறைத்துவிட்டுத் தெருவையும் பள்ளியையும் தந்தையின் தொழிலையும் குறிப்பிடுவதால் எந்தப் பாதுகாப்பும் கிடைப்பதில்லை. இத்தகைய ஒவ்வொரு செய்தியின் கீழும் குழந்தைகளுக்கான உதவி எண்ணையும், ஒரு குழந்தை இப்படிச் சொன்னால் பெற்றோர் உடனே என்ன செய்ய வேண்டும் என்பதையும் சில வரிகளில் தவறாமல் வெளியிட வேண்டுகிறேன்.

என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம். வெட்கத்தினால் இதைக் கேட்கவில்லை. இந்தச் செய்தி இன்னும் தெரியாத இளையவர்கள் எங்கள் குடும்பத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்கு நானே நேரில் சொல்ல விரும்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி