பெற்றோர் ஆசிரியர் கழகம்: 2024–25ஆம் கல்வியாண்டின் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய கழகத் தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஆசிரியப் பெருமக்களே, அன்றாட வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம். தலைமையாசிரியை என்ற பொறுப்பின் வழியாகக் கழகத்தின் செயலாளராகவும் இருந்துவரும் நான், இவ்வாண்டின் அறிக்கையைத் தங்கள் முன் வைக்கிறேன்.

வழக்கமான பணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேற்குக் கட்டடத்தின் ஒழுகிய கூரை செப்பனிடப்பட்டது; குடிநீர்த் தொட்டி மாற்றப்பட்டது; பத்தாம் வகுப்பு மாலைநேர வகுப்புக்குச் சுண்டல் அவித்துக் கொடுத்த தாய்மார்களுக்குக் கழகம் கடமைப்பட்டுள்ளது. அறிக்கையின் எஞ்சிய பகுதியை, செயற்குழுவின் ஒப்புதலோடு, பிள்ளைகளின் பாதுகாப்பு என்ற ஒரே பொருளுக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

ஜூலை மாதப் பொதுக்குழுவில் ஒரு தந்தை எழுந்து, "பாடம் நடத்துறதுதான டீச்சர் உங்க வேலை, இதெல்லாம் வீடும் போலீசும் பாத்துக்க வேண்டியது இல்லையா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமானது என்பதால் இங்கே விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், 12,447 குழந்தைகளிடம் பேசியிருக்கிறார்கள், அவர்களில் 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆண் பிள்ளைகள். தொல்லை கொடுத்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. தொல்லை வீட்டுக்குள்ளோ உறவுக்குள்ளோ இருக்குமானால், அந்தப் பிள்ளையை நாள் தவறாமல் பார்க்கும் வேறொரு பெரியவர் பெரும்பாலும் வகுப்பாசிரியர் மட்டுமே. தொல்லை பள்ளிக்குள்ளேயே இருக்குமானால், அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு இன்னும் கூடுகிறது.

இதை ஏட்டறிவாக மட்டும் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பள்ளியில் நான் ஆறாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தபோது, ஒரு சிறுமி கடைசி மணி அடித்த பிறகும் போகாமல், கரும்பலகையைத் துடைத்துவிட்டு, துடைத்த பலகையையே மறுபடியும் துடைத்துக்கொண்டு நிற்பாள். பொறுப்பான பிள்ளை என்று பாராட்டி, பொழுது சாய்கிறது, வீட்டுக்குப் போம்மா என்று நானே அனுப்பிவைத்தேன். அவள் படிப்பை நிறுத்திய பிறகுதான், வீட்டுக்குப் போகப் பயந்து நின்றாள் என்பது தெரிந்தது. நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

ஆகவே இவ்வாண்டு முதல் வேலையாக, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் அலுவலர்களை அழைத்து, ஆசிரியர்களோடு சத்துணவுப் பணியாளர்களும் துப்புரவுப் பணியாளரும் அமர, ஒரு முழுநாள் பயிற்சி நடத்தினோம். நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று பின்தங்குவது, வகுப்பில் தூங்கிவிழுவது, வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுப்பது, குறிப்பிட்ட ஒருவரின் பெயரைக் கேட்டாலே ஒடுங்கிப்போவது என்று பல அடையாளங்கள் பேசப்பட்டன. இவற்றில் எதுவும் தனியாக நின்று எதையும் நிரூபித்துவிடாது; பிள்ளையோடு பரிவாகப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதை மட்டுமே அவை காட்டும்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்க 2012 நவம்பர் 14ஆம் நாள் நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டத்தைப் பற்றிப் பெற்றோர் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். குற்றம் நடந்திருப்பது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, காவல்துறைக்குத் தெரிவிப்பது 19ஆம் பிரிவின்படி ஒவ்வொருவரின் கடமை. தெரிந்தும் மறைப்பவருக்கு ஆறு மாதம் வரையிலும், தன் கீழ்ப் பணிபுரிபவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரையிலும் சிறைத் தண்டனைக்கு 21ஆம் பிரிவு வழி செய்கிறது. நல்லெண்ணத்தோடு தகவல் தருபவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. விசாரிப்பதும், உண்மையா பொய்யா என்று தீர்ப்புச் சொல்வதும் பள்ளியின் வேலை அல்ல. சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டுக் கேட்பது, ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிப்பது, "பொண்ணு பேரு கெட்டுடும்" என்று மூடி வைப்பது ஆகிய மூன்றையும் இந்தக் கழகம் எக்காரணம் கொண்டும் ஏற்காது என்று செயற்குழு தீர்மானம் நிறைவேற்றியுள்ளது. பிள்ளையைக் காவல் நிலையத்துக்கு இழுத்தடிப்பார்களே என்று அஞ்சும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: வாக்குமூலம் பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அலுவலரால், சீருடை இல்லாமல் பதிவு செய்யப்பட வேண்டும் என்று 24ஆம் பிரிவு கூறுகிறது. குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098உம், பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண்ணான 14417உம் இப்போது எல்லா வகுப்பறைகளிலும், பிள்ளைகளின் கண்மட்டத்தில் எழுதப்பட்டுள்ளன.

பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது என் அறை வாசலில் மாட்டப்பட்டு, மாதக்கணக்கில் காலியாகவே கிடந்தது. நம் பிள்ளைகளுக்குக் குறை எதுவும் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திதான், "அங்க போட்டா எல்லாரும் பாப்பாங்க மிஸ்" என்றாள். குழாயடிக்குப் போகும் வழிச் சுவருக்கு மாற்றிய பிறகு காகிதங்கள் வரத் தொடங்கின. பெயரில்லாமல், பென்சிலால் எழுதி, நகத்தளவுக்கு மடித்த ஒரு தாளில், "பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பா இல்ல, ஒருத்தி புடிச்சிக்கிட்டு நிக்கணும்" என்று மட்டும் இருந்தது. மறுநாளே எல்லாக் கதவுகளுக்கும் தாழ்ப்பாள் போட்டோம். பேருந்து நிறுத்தத்துக் கேலி பற்றியும், வகுப்பில் விழும் அடி பற்றியும் சில பிள்ளைகள் எழுதியிருந்தார்கள்.

அடியைப் பற்றிப் பெற்றோரிடம் மனம்விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. "கண்ண மட்டும் விட்டுட்டு மத்த எடத்துல அடிங்க டீச்சர்" என்று அன்போடுதான் சொல்கிறீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். பெரியவர்கள் தன் உடம்பை என்ன செய்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று பழகிப்போன பிள்ளை, வேறொருவர் தப்பாகத் தொடும்போது யாரிடம் போய்ச் சொல்லும்? என்னிடம் அடி வாங்கிய பிள்ளை என்னிடம் வந்து அழாது. நம் பள்ளி வகுப்பறைகளில் இருந்த பிரம்புகள் அனைத்தும் அகற்றப்பட்டுவிட்டன.

இவ்வாண்டு பள்ளியிலிருந்து ஏதேனும் புகார் போயிற்றா, யார் வீட்டுப் பிள்ளை என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். பிள்ளையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதைப் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை செய்கிறது. தெருப் பேச்சுக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் அதே கட்டுப்பாட்டை நாமே விதித்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. உண்டு என்றோ இல்லை என்றோ நான் பதில் சொல்ல மாட்டேன். தயவுசெய்து மீண்டும் கேட்க வேண்டாம்.

மாலை வகுப்பு முடியும்வரை இரண்டு ஆசிரியர்களாவது பள்ளியில் இருப்பது, வேன் ஓட்டுநர்களின் விவரங்களைச் சரிபார்ப்பது, தந்தையர் வரத்தக்க ஞாயிற்றுக்கிழமையில் ஒரு கூட்டம் வைப்பது ஆகியவை அடுத்த ஆண்டுக்கு எஞ்சியுள்ளன. 'மாணவர் மனசு' பெட்டிக்கு இரண்டு பூட்டுகள் உள்ளன. ஒரு சாவி என்னிடமும், மற்றொன்று பெற்றோர் தரப்பில் ஒரு தாயாரிடமும் இருந்துவருகிறது. அவருடைய மகள் பத்தாம் வகுப்பு முடித்துச் செல்வதால், அந்தச் சாவியை யாரிடம் ஒப்படைப்பது என்பதை இக்கூட்டமே இன்று முடிவு செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.