காரில் துப்பாக்கி கொண்டுசெல்லும் உறுப்பினர்கள் கவனத்திற்கு

வணக்கம். அமெரிக்காவில் மாநில எல்லையைத் தாண்டினால் சட்டமும் மாறுகிறது. வெளிமாநிலத் துப்பாக்கி உரிமம் எதையும் நியூ ஜெர்சி ஏற்பதில்லை. கடந்து மட்டும் செல்பவர்களுக்கு 1986ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை நீக்கி, இரண்டையும் கைக்கு எட்டாதபடி டிக்கியில் வைத்திருக்க வேண்டும். டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டியில். டேஷ்போர்டு அறையைப் பூட்டினாலும் அது கணக்கில் சேராது.

போலீஸ் நிறுத்தினால் ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து, இரவென்றால் உள்விளக்கைப் போட்டு, இரு கைகளையும் ஸ்டீயரிங் மேல் வையுங்கள். துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்பவர் மிச்சிகனில் கேட்காமலேயே அதைப் போலீஸிடம் உடனே தெரிவித்தாக வேண்டும். ஒஹாயோவில் 2022 முதல் கேட்டால் சொன்னால் போதும். எங்கும் முந்திச் சொல்லிவிடுவதே மேல் என்பேன். அதற்காக எடுத்த எடுப்பில் "துப்பாக்கி" என்று கத்த வேண்டாம்! "என்னிடம் உரிமம் இருக்கிறது, ஆயுதம் வலது இடுப்பில் இருக்கிறது, நான் என்ன செய்யட்டும்?" என்று நிதானமாகக் கேளுங்கள். தொட்டுக் காட்டவே கூடாது. வண்டியின் ஆவணங்களைத் துப்பாக்கியோடு ஒரே இடத்தில் வைக்காதீர்கள்.

எச்1பி விசாக்காரர்களே, வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே உங்களுக்குக் கூட்டாட்சிக் குற்றம். வழக்கறிஞரிடம் கேட்காமல் நண்பரின் துப்பாக்கியைக்கூட வாங்கி வைக்காதீர்கள்.