வடக்கே போகும் நூல்

சிங்கப்பூர், தெம்பனிஸ்

அன்பு மகளுக்கு,

பொங்கலுக்குக் குழந்தையோடு வருகிறாய் என்றதும் அம்மா உன் அறையை ஒழிக்கத் தொடங்கிவிட்டாள். நேர் விமானமா, பிராங்ஃபர்ட் வழியா என்று கேட்டிருந்தாய். உன் பள்ளிக்காலத்துப் பூகோள உருண்டையை அலமாரி மேலிருந்து இறக்கி, இங்குள்ள சாங்கி விமான நிலையத்துக்கும் நீ இருக்கும் நியூயார்க்குக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன்.

நூல் கிழக்கேயும் சாயவில்லை, மேற்கேயும் சாயவில்லை. நேராக வடக்கே ஏறி, வடதுருவத்தை ஒட்டிக் கடந்து, உன் பக்கம் இறங்கிவிட்டது. தீர்க்கரேகைக் கணக்கில் நாங்கள் 104 பாகை கிழக்கில், நீ 74 பாகை மேற்கில். கூட்டினால் 178, இன்னும் இரண்டே பாகை இருந்தால் நேர் எதிர்த் தீர்க்கரேகை; நூல் சரியாகத் துருவத்தின் மேலேயே போகும். சாங்கியிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்துக்கு 49.4. மொத்தம் 138. பாகைக்கு 60 கடல் மைல் வீதம் 8,280 கடல் மைல், அதாவது சுமார் 15,335 கிலோமீட்டர். விமான தூரப் பட்டியல்களில் 15,349 என்று போட்டிருக்கிறது. பூமி சரியான உருண்டை இல்லையே, அந்த வித்தியாசம்தான்.

இங்கே துருவ நட்சத்திரம் அடிவானத்தோடு ஒட்டிக் கிடப்பதால் நான் பார்த்ததே இல்லை. உனக்கு 40 பாகை உயரத்தில் தெரியும். அதைப் பார்த்து நின்றால் நம் வீட்டைப் பார்த்து நிற்கிறாய்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நேர் விமானத்துக்கு 18 மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது. 165,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும்படி மாற்றிய ஏர்பஸ் ஏ350 விமானம் அது. 161 இருக்கைகள்தான்; சாதாரண வகுப்பே கிடையாது. அதுவும் நூல் பிடித்த வழியில் வருவதில்லை, முதுகில் தள்ளும் காற்றைத் தேடிச் சுற்றித்தான் வரும். பிராங்ஃபர்ட் வழியென்றால் முதலில் சுமார் 6,200 கிலோமீட்டர், பிறகு 10,300. நூல் கணக்கைவிடக் கூடுவது ஏறக்குறைய 1,150 கிலோமீட்டர். இரண்டில் எதில் வந்தாலும் வெள்ளி இரவு ஏறினால் ஞாயிறு காலையில் இங்கே இருப்பாய். சனிக்கிழமை வானத்திலேயே கழிந்துவிடும்.

ஆகவே, பிராங்ஃபர்ட்டில் இறங்கி வா. இரண்டு வயதில் உன்னைச் சென்னைக்குக் கூட்டிப்போனபோது அந்த நான்கு மணி நேரமும் காதைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அம்மா இடுப்பில் வைத்துக்கொண்டே நடைபாதையில் நின்றாள். பதினெட்டு மணி நேரத்தை ஒரே மூச்சில் குழந்தை மேல் சுமத்த எனக்கு மனம் வரவில்லை. நடுவில் தரையில் கொஞ்ச நேரம் தவழட்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடு, காது அவ்வளவாக அடைக்காது. சீக்கிரம் எங்களைப் பார்க்க வேண்டும் என்று நீ அவசரப்படுவது புரிகிறது. எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. இருந்தாலும் சில மணி நேரம் நாங்கள் காத்திருப்போம்.

டிக்கெட் எடுத்ததும் எழுது. குழந்தை எந்தப் பால்மாவு குடிக்கிறது என்பதையும் சேர்த்து எழுது. இங்கே கிடைக்கிறதா என்று அம்மா இன்றைக்கே கடைக்குப் போய்ப் பார்க்க வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா