எந்த ஊர் சிவப்பு? கடல் எச்சரிக்கை அனுப்பும் அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். குமரி மாவட்டக் கடற்கரையில் நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரைக்கும் நீங்கள் அனுப்பும் எச்சரிக்கை மின்னஞ்சலை எங்கள் ஊர்க்கமிட்டியில் திறந்து, கோயில் மைக்கில் வாசிப்பவள் நான்.

போன வாரம் விடிகாலையில் வந்த மடலில், "சிவப்பில் குறித்துள்ள ஊர்க்காரர்கள் கடலுக்குப் போக வேண்டாம்" என்றிருந்தது. எங்கள் கமிட்டிக் கணினி பழையது, இணையமும் இழுத்து இழுத்துத்தான் வரும். அதனால் மடல்களை வெறும் எழுத்தாகக் காட்டும்படி வைத்திருக்கிறோம். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று வரிசையாக ஊர்ப் பெயர்கள். எல்லாமே ஒரே கறுப்பு. மைக்கை ஆன் பண்ணிவிட்டு வாயடைத்து நின்றேன். வாசலில் நின்ற வள்ளக்காரப் பெரியவர், "மக்கா, நம்ம ஊரு உண்டா இல்லியா? அதச் சொல்லு" என்றார். உங்களுக்குப் போன் அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. ஒருவரும் போக வேண்டாம் என்று அறிவித்தேன். எங்கள் ஊர் சிவப்பில் இல்லை என்பது பத்து மணிக்குத்தான் தெரிந்தது.

ஒரு நாள் தொழில் போயிற்று. அடுத்த முறை நான் போகாதீர்கள் என்றால் கேட்பார்களா என்பதுதான் என் பயம். 2017-இல் ஒக்கி புயல் எங்கள் கரைக்கு என்ன செய்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எச்சரிக்கையை எழுத்தாக அனுப்புங்கள். நிறமும் கட்டமும் வழியில் உதிர்ந்துவிடும். ஊர்ப் பெயருக்கு நேரே "போகக் கூடாது" என்று எழுதினால் அது எந்தப் போனிலும் உதிராது. பத்து வரித் தமிழ் இரண்டு மூன்று கிலோபைட்தான், மெதுவான இணையத்திலும் வந்துவிடும். ஜிமெயிலில் மடல் எழுதும் பெட்டியின் அடியிலுள்ள மூன்று புள்ளியைச் சொடுக்கினால் வெறும் எழுத்துக்கு மாற்றலாம். அலங்காரமும் வேண்டுமென்றால், இரண்டு வடிவமும் ஒரே மடலில் சேர்ந்து போகும் முறை 1992 முதலே இருக்கிறது.

எச்சரிக்கை மட்டுமா? மானியச் சுற்றறிக்கைகூட பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து ஒட்டித்தான் வருகிறது. அந்த எழுத்துரு இல்லாத போனில் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறது. தனி எழுத்துரு தேவைப்படாத ஒருங்குறியில்தான் (யூனிகோடு) தமிழ் எழுத வேண்டும் என்று அரசு ஆணையிட்டது 2010-இல். இன்னும் எத்தனை வருடம் நாங்கள் பொறுப்பது?

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். முதல் வரியில் தேதியும் நேரமும், அதன் கீழே ஊர்ப் பெயரும் போகலாமா கூடாதா என்பதும். இவ்வளவு போதும் ஐயா. தயவுசெய்து அடுத்த எச்சரிக்கையை எழுத்தாக அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கடற்கரை ஊர் ஒன்றின் கமிட்டி எழுத்தர்