வால்வும் ஓட்டையும் ஒன்றல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில், அரசுப் பள்ளி ஒன்றில் நடந்த மருத்துவ முகாமில் மூன்று மாணவர்களுக்கு ‘இதயத்தில் ஓட்டை’ இருப்பது கண்டுபிடிக்கப்பட்டதாக ஒரு செய்தி வெளியாகியிருந்தது. தலைப்பைப் பார்த்துத் திடுக்கிட்டு உள்ளே படித்தால், மருத்துவர் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தபோது அம்மூவரின் நெஞ்சிலும் ‘மர்மர்’ கேட்டதாகவும், ஒலியலைகளால் இதயத்தைப் படமெடுத்துப் பார்க்கும் எக்கோ பரிசோதனைக்கு அவர்கள் அனுப்பப்பட்டிருப்பதாகவும் மட்டுமே எழுதியிருந்தது. எக்கோ எடுக்கும் முன்பே ஓட்டை எங்கிருந்து வந்தது என்பது எனக்கு விளங்கவில்லை. அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி, அவற்றில் கடைசிப் பதினோரு ஆண்டுகளை இதயநோய்ப் பிரிவில் கழித்து ஓய்வு பெற்றிருக்கிறேன். இந்த ஒரு சொல் எத்தனை வீடுகளின் நிம்மதியைக் கெடுத்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்திருப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நம் இதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. ரத்தம் முன்னே போக வழிவிட்டு, போன ரத்தம் பின்னே திரும்பாமல் அடைத்துக்கொள்வதுதான் அவற்றின் வேலை; ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை அவை திறந்து மூடுகின்றன. ‘லப்-டப்’ என்று நாம் சொல்லும் ஓசையே இந்த வால்வுகள் சாத்திக்கொள்ளும் ஓசைதான்: மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவிலுள்ள இரண்டும் மூடும்போது முதல் ஓசையும், இதயத்தை விட்டு ரத்தம் வெளியேறும் வாயில்களில் உள்ள இரண்டும் மூடும்போது அடுத்த ஓசையும் எழுகின்றன. இவற்றுக்கு நடுவே ஊதுவது போலவோ இரைவது போலவோ கூடுதலாக ஒன்று கேட்டால் அதற்குத்தான் மர்மர் என்று பெயர். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிப் பழகியவர்களுக்கு இது எளிதில் புரியும். அகன்ற வாய்க்காலில் சத்தமின்றிப் போகும் தண்ணீர் மடைவாயில் நெருக்கப்படும்போது சலசலக்கிறது. அடைப்புப் பலகை சரியாகப் பொருந்தாத இடுக்கில் பீறிடும்போதும் இரைகிறது. மடையும் பலகையும் நன்றாகவே இருந்து வரத்து மட்டும் மிகுந்துவிட்டாலும் சலசலக்கத்தான் செய்கிறது. ஆகவே மர்மர் என்பது ஒரு சத்தத்தின் பெயரே தவிர, நோயின் பெயரன்று. (‘மர்மர்’ என்பதை ‘மர்மம்’ என்று காதில் வாங்கிக்கொண்டு, “பேரன் நெஞ்சுல ஏதோ மர்மம் இருக்குன்னு டாக்டர் சொல்றாரே, சிஸ்டர்” என்று என் கையைப் பிடித்துக்கொண்ட பாட்டி ஒருவரும் உண்டு.)

வரத்து மிகுதியால் எழும் சத்தம் பிள்ளைகளிடம் வெகு சாதாரணம். ஆரோக்கியமான குழந்தைகள் பலருக்கு வளரும் பருவத்தில் ஏதாவதொரு சமயம் அது கேட்கும். காய்ச்சல் அடிக்கும்போதும், ரத்தசோகை உள்ளபோதும், தைராய்டு சுரப்பு மிகும்போதும், கர்ப்ப காலத்திலும் கேட்கலாம். பள்ளி முகாமிலிருந்து அனுப்பப்பட்ட எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்துக்கொண்டு, காதிலிருந்ததை அடகு வைத்த பணத்தோடு ஒரு தாய் வந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மருத்துவர் அவனைப் படுக்க வைத்து, மார்பெலும்பின் இடப்பக்கக் கீழ் ஓரத்தில் வெகுநேரம் கேட்டார். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி அதே இடத்தில் கேட்டார். படுத்திருக்கும்போது தெளிவாகக் கேட்ட சத்தம் நின்றவுடன் ஏறக்குறைய இல்லாமல் போயிற்று. தீங்கற்ற மர்மரின் அடையாளங்களில் அதுவும் ஒன்று. அவர் தம் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி அந்தத் தாயின் காதில் மாட்டி, பையனைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் கேட்கச் செய்தார். சந்தேகம் சிறிதும் வேண்டாமென்று எக்கோவும் எடுத்துக் காட்டினார். வால்வுகள் நான்கும் சரி, சுவர்களும் சரி. எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிய அந்த அம்மா, வாசல் வரை போய்த் திரும்பி வந்து என்னிடம் மெதுவாகக் கேட்ட கேள்வி: “அப்போ ஓட்டை அடைஞ்சிருச்சா, சிஸ்டர்?”

ஓட்டை என்பது முற்றிலும் வேறு. இதயத்தின் இடப்புறத்தையும் வலப்புறத்தையும் பிரிக்கும் சுவரில் பிறவியிலேயே அமைந்துவிடும் துளை அது. அங்கும் சத்தத்தின் கணக்கு நாம் நினைப்பதற்கு நேர்மாறாக இருக்கிறது. கீழறைச் சுவரில் உள்ள துளை சிறியதாக இருந்தால் சத்தம் பெரிதாகக் கேட்கும், அத்தகைய துளைகளில் பல தாமாகவே மூடிக்கொள்ளவும் செய்யும். மேலறைச் சுவரில் பெரிய துளையே இருந்தாலும் சத்தம் மெல்லியதாக இருப்பதால் பல ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் போய்விடுவதுண்டு. வெளிவாயில் வால்வு சுருங்கிப்போன முதியவர் ஒருவருக்கு முன்பு உரக்கக் கேட்ட மர்மர் இப்போது தணிந்துவிட்டதென்றால் அது நல்ல செய்தியாக இல்லாமலும் போகலாம். இதயத்துக்குத் தள்ளும் வலு குறைந்திருக்கக் கூடும். சத்தத்தின் அளவை வைத்து நோயின் அளவைச் சொல்ல முடியாது என்பதால்தான் எக்கோ தேவைப்படுகிறது.

வால்வுக் கோளாறு இரு வகையில் வரும்: சுருக்கம், அல்லது கசிவு. இரண்டும் ஒரே வால்வில் சேர்ந்தும் வரும். நம் நாட்டில் இளவயதினரின் வால்வுகளை அதிகம் கெடுப்பது ருமாட்டிக் காய்ச்சல். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமியால் தொண்டையில் புண் வந்து, அது ஆறிப்போய் இரண்டு மூன்று வாரம் கழித்து, கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய ஆற்றல் ஆள் மாறி மூட்டுகளையும் இதயத்தையும் தாக்குவதால் விளைவது அது. பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள் வரும். முதலில் ஒரு முழங்கால் வீங்கும். அது வடிவதற்குள் கணுக்கால், பிறகு முழங்கை என்று வலி இடம் மாறும். வீட்டில் அதைச் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு வழித்துவிடுவார்கள். சில நாளில் வலி தானாகவே போய்விடுவதால் வழித்தவருக்கு நல்ல பெயர் கிடைக்கும். மூட்டை நக்கிவிட்டு இதயத்தைக் கடிக்கும் நோய் என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித் தரும் பழைய வாசகம் ஒன்று உண்டு. அதைவிடச் சுருக்கமாக இதைச் சொல்ல முடியாது. காய்ச்சல் திரும்பத் திரும்ப வரும்போது வால்வின் இதழ்கள் தடித்து, ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருந்து, 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை திறக்க வேண்டிய ஈரிதழ் வால்வு 1.5 சதுர சென்டிமீட்டருக்கும் கீழே குறுகிவிட்டால், நுரையீரலில் ரத்தம் தேங்கி, நடந்தாலே மூச்சு வாங்கும் நிலை வந்துவிடும்.

இது பழங்காலத்து நோய், இப்போது யாருக்கு வருகிறது என்று படித்தவர்களே கேட்கிறார்கள். பர்மாவில் பிறந்து, போர்க்காலத்தில் குடும்பத்தோடு கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்து, நாட்டின் முதல் பெண் இதயநோய் நிபுணராகப் போற்றப்பட்ட மருத்துவர் எஸ். பத்மாவதி, இந்நோயில் தனிக்கவனம் செலுத்தி 2020இல் தமது 103ஆம் வயதில் மறைந்தார். அவ்வளவு நீண்ட ஆயுளுக்கும் அது முடிந்தபாடில்லை. 2018ஆம் ஆண்டு மே மாதம் உலக சுகாதாரப் பேரவை இந்நோய்க்கென்றே தீர்மானம் நிறைவேற்ற வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் இதைத் தடுக்கும் மருந்து விலை மிகக் குறைந்த ஓர் ஊசிதான். ஒரு முறை ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு அது மீண்டும் வராமலிருக்க, 21 நாளைக்கு ஒரு முறை பென்சாத்தின் பென்சிலின் போட வேண்டும்; இதயம் பாதிக்கப்பட்டிருந்தால் பல ஆண்டுகள், சிலருக்கு நாற்பது வயது வரையும் அதற்கு மேலும் போட வேண்டிவரும். குப்பியில் இருக்கும் பொடியில் தண்ணீர் சேர்த்துக் குலுக்கினால் பால் போல வெள்ளையாக, கெட்டியாக வரும். மெல்லிய ஊசியில் ஏற்றினால் அடைத்துக்கொள்ளும் என்பதால் தடித்த ஊசியால், மெதுவாக இடுப்பில் இறக்க வேண்டும். போட்ட பிள்ளை ஒன்றிரண்டு நாள் நொண்டிக்கொண்டு நடக்கும். ஒவ்வாமைக்குப் பயந்து பல கிளினிக்குகள் இந்த ஊசியைப் போட மறுத்துவிடுவதால், தாய்மார்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி எங்களிடம் வருவார்கள். நோயால் வலியே இல்லாத பிள்ளைக்கு, வலிக்கும் ஊசியை, இருபத்தொரு நாளைக்கு ஒரு முறை, வருடக்கணக்கில் போடுவதற்குக் குடும்பத்தார் என்ன நோய், ஏன் இந்த ஊசி என்று தெளிவாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். ‘ஓட்டை’ என்று சொல்லிவிட்டால் அந்தத் தெளிவுக்கு வழியே இல்லை. ஊசி போட்டு ஓட்டை எப்படி அடையும் என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்விதானே.

அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், ஏழு மாதக் கர்ப்பிணியான இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருவரை இரவு பதினொரு மணிக்குக் கொண்டுவந்தார்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மூன்று இரவுகளாகச் சுவரோரம் தலையணையை அண்டக் கொடுத்து உட்கார்ந்தே இருந்திருக்கிறார். ரத்தம் குறைவாக இருப்பதால் வரும் இளைப்பு என்று வீட்டில் பீட்ரூட் சாறு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கர்ப்பத்தில் உடலிலுள்ள ரத்தத்தின் அளவு ஏறத்தாழப் பாதி மடங்கு கூடுகிறது. சுருங்கிய வால்வு அதுவரை ஒருவாறு சமாளித்ததை அதன் பிறகு சமாளிக்க முடிவதில்லை. மாப்பிள்ளை வீட்டார் காபி வாங்கப் போன நேரம் பார்த்து, பெண்ணின் தாய் மஞ்சள் பையிலிருந்து நான்காக மடித்த பழுப்பேறிய அட்டை ஒன்றை எடுத்து என் கையில் திணித்தார். அது ஊசிக் கணக்கு அட்டை. தேதிகள் வரிசையாக வந்து, அந்தப் பெண்ணின் பதின்மூன்றாம் வயதில் நின்றுபோயிருந்தன. “சடங்கு சுத்தினதுக்கு அப்புறம் கூட்டிட்டு வரல, சிஸ்டர். இதயத்துல ஓட்டை விழுந்த புள்ளைன்னு ஊருல பேசிட்டா அவள யாரு கட்டுவா?” என்றார். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர் பயந்தது நோய்க்கல்ல, அந்தப் பெயருக்கு.

அந்தப் பெண்ணுக்குப் பலூன் சிகிச்சை செய்தார்கள். ஜப்பானைச் சேர்ந்த கான்ஜி இனோவே என்ற மருத்துவர் 1982இல் முதன்முதலாகச் செய்துகாட்டிய முறை அது: தொடையிலுள்ள ரத்தநாளத்தின் வழியாகக் குழாயைச் செலுத்தி, சுருங்கிய வால்வுக்குள் பலூனை ஊதி, ஒட்டிப்போன இதழ்களைப் பிரித்துவிடுவார்கள், நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. வலப்புறத்திலிருந்து இடப்புறம் கடப்பதற்காக மேலறைச் சுவரில் மருத்துவரே சிறு துளை இட்டுக்கொள்வார். அந்தப் பெண்ணின் இதயத்தில் ஓட்டை விழுந்தது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான். மறுநாள் அவர் மல்லாந்து படுத்துத் தூங்கினார்; உரிய மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது.

பலூனுக்கு வசப்படாத வால்வை மாற்றத்தான் வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவாகி, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு, வெளிநாட்டு வால்வு வாங்க வசதியில்லாத எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. உலோக வால்வு பொருத்தியவர்கள் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிட்டு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ள வேண்டும். ‘கீரையே ஆகாது’ என்று இவர்களுக்கு யாரோ சொல்லிவிடுகிறார்கள். ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் அறவே இல்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவதுதான் ஆகாது. மருத்துவரைக் கேட்காமல் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குவதும், வால்வு மாற்றியிருப்பதைச் சொல்லாமல் பல் பிடுங்கிக்கொள்வதும் அவர்களுக்கு ஆபத்து.

முதியவர்களுக்கு வருவது வேறு கதை. வயது ஏற ஏறச் சுண்ணாம்பு படிந்து பெருந்தமனி வால்வு இறுகிவிடுகிறது. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதையும் நெஞ்சு இறுக்கத்தையும் திடீர் மயக்கத்தையும் வயதின் மேல் போட்டுவிட்டு இருந்துவிடுகிறார்கள். இந்த அறிகுறிகள் தொடங்கிய பிறகு காத்திருக்க அதிக காலம் இல்லை என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழுவினர் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. 2013இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் ஆண்டுக்கு ஒரு முறையாவது பிள்ளைகளின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்க ஆள் வருவதே பெரிய காரியம். அவர்கள் சீட்டில் ‘மர்மர், எக்கோ தேவை’ என்று எழுதுவதைத் தங்கள் நிருபர்களும் அப்படியே எழுதட்டும். ‘இதயத்தில் கூடுதல் சத்தம், பரிசோதனைக்குப் பரிந்துரை’ என்று தலைப்பு வைத்தால் பரபரப்பு குறையும், உண்மைதான். அடுத்த நாளே அந்தப் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டார் பரிதாபமாகப் பார்ப்பதும் குறையும். பள்ளியின் பெயரும் வகுப்பும் அச்சாகியிருப்பதால், அம்மூவரும் யார் யார் என்பது அந்த ஊரில் இந்நேரம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

அவர்களுடைய எக்கோ முடிவுகள் வந்ததும், பெற்றோர் சம்மதித்தால், ஓட்டை இருந்ததா, வால்வுக் கோளாறா, ஒன்றுமே இல்லையா என்பதை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்.