சோழனில் வா

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நலம். நீ அனுப்பிய பணம் வந்தது. மோட்டாருக்குக் காயில் கட்டியாயிற்று, தண்ணீர் நன்றாக ஏறுகிறது. பணத்தோடு ஒரு வார்த்தையும் வந்திருந்தால் மனசு நிறைந்திருக்கும். எப்போது ஃபோன் போட்டாலும் "வேலையா இருக்கேன்மா, அப்புறம் பேசறேன்" என்கிறாய். அந்த அப்புறம் வரவே மாட்டேன் என்கிறது. அதனால்தான் பேப்பரை எடுத்தேன். ஃபோனில் நான் ஒன்று கேட்டால் நீ மாட்டுக்கன்றைப் பற்றிக் கேட்பாய், நானும் கன்றுக்குட்டியைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவேன்.

குறுவை அறுத்தாயிற்று. நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள், வானமோ மூடியே கிடக்கிறது. அப்பா தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு அங்கேயே படுத்துக்கொள்கிறார். தங்கச்சிக்கு இது ஐந்தாம் மாசம். புளிப்பாகத்தான் கேட்கிறாளாம். இதெல்லாம் நீ வரும்போது பேசிக்கொள்ளலாம்.

உன் கம்பெனி வண்டி இப்போது எங்கே இறக்கிவிடுகிறது? மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போகிறான், உள்ளே தெருவுக்கு வர மாட்டேன் என்கிறான் என்று தை மாசத்தில் ஒரு தடவை சொன்னாய். கம்பெனியில் சொல்கிறேன் என்றாய். சொன்னாயா? கூட வேலை பார்க்கிற மற்றப் பெண்களை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுகிறான் என்றால் உன்னையும் வாசல் வரைக்கும்தான் விட வேண்டும். நீ கேட்டைத் திறந்து உள்ளே போகிற வரைக்கும் வண்டி நிற்க வேண்டும். இதைக் கேட்க என்ன கூச்சம்? உனக்குச் சேர வேண்டியதைத்தான் கேட்கிறாய். வாயால் சொன்னால் மறந்துபோனேன் என்பார்கள், எழுதிக் கொடு.

வேலையை விடு, நேரத்தோடு வீட்டுக்கு வா என்று நான் சொல்ல மாட்டேன். கடை கடையாகக் கைதட்டிக் காசு கேட்கப் போன காலத்தில் நீ பட்டதை, திருநங்கைகளில் உனக்குத் தாயாக இருக்கிற உன் குருவம்மா என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதிலிருந்து எழுந்து, கம்ப்யூட்டர் படித்து, காதில் மைக்கை மாட்டிக்கொண்டு நீ இங்கிலீஷில் பேசுகிறாய் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ராத்திரி ஷிஃப்ட் என்றால் ராத்திரி ஷிஃப்ட்தான். ஆனால் ஃபோனில் சார்ஜ் இருக்கட்டும். அந்தப் பவர் பேங்க்கையும் பையில் போட்டுக்கொள்.

தங்கச்சி எனக்கு அந்த லைவ் லொகேஷன் பார்க்கக் கற்றுக்கொடுத்தது உனக்குத் தெரியும். எட்டு மணி நேரம் வைக்கலாமாம். நீ வைத்த அன்றைக்கெல்லாம் நான் பார்த்திருக்கிறேன். ஜிமிக்கி போட்ட உன் போட்டோ ஒரு சின்ன வட்டத்துக்குள் இருக்கும், ரோட்டு மேலேயே மெதுவாக நகரும், சிக்னல் வந்தால் நிற்கும். கொஞ்ச நேரம் நின்றால் சிக்னல். ரொம்ப நேரம் நின்றால் எனக்கு அடிவயிறு கலங்கும். அப்புறம் அது திரும்பி உன் தெருவுக்குள் நுழையும். நுழைந்ததும் நான் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். ஆடிக்குப் பிறகு நீ அதை வைக்கவே இல்லை.

ஆடிப்பெருக்குக்கு வந்தாயே, அந்த ராத்திரியைப் பற்றிக் கேட்கிறேன். செருப்பு அறுந்துபோச்சு என்று சொன்னாய். சரி என்றேன். உன் புடவைக் கரை முழங்கால் வரைக்கும் சேறாக இருந்தது. இடது கையில் நாலு வளையல்தான் இருந்தது, மணிக்கட்டில் கீறல். கொல்லைக் குழாயில் நீ ரொம்ப நேரம் கை கழுவிக்கொண்டிருந்தாய். நான் தோசை சுட்டுப் போட்டேன். நீயும் சாப்பிட்டுவிட்டு, விடிகிறதற்குள் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாய். ஊரே ஆற்றங்கரையில் காதோலை கருகமணி போட்டுக் கும்பிடுகிற நேரத்தில் நீ கும்பகோணத்தில் பஸ்ஸுக்கு நின்றிருப்பாய்.

அதற்கு அப்புறம்தான் பைபாஸ் டீக்கடைக்காரர் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். ராத்திரி ரெண்டு மணிக்கு ஆம்னி பஸ்ஸிலிருந்து நீ இறங்கியதையும், பின்னாலேயே ரெண்டு பைக் மெதுவாகப் போனதையும் பார்த்தாராம். நீ ரோட்டை விட்டு வயல் பக்கம் இறங்கியதுவரைக்கும் தெரிந்ததாம். அவர் கடையை விட்டு வருவதற்குள் எல்லாம் போய்விட்டதாம்.

கண்ணு, என்ன நடந்தது என்று நீ சொல்லித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. சொல்லத் தோன்றினால் சொல்லு. என்னிடம் முடியாவிட்டால் குருவம்மாவிடமாவது சொல்லு. மனசுக்குள்ளேயே போட்டுக்கொண்டு இருக்காதே. அவன்கள் அங்கே நின்றதற்கும் நீ கட்டியிருந்த புடவைக்கும், பூவுக்கும், அந்த நேரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெண் பிள்ளை தனியாகப் போனால் ஒரு மாதிரி பார்க்கிறவன், உன்னைக் கண்டால் கேட்க ஆளில்லை என்று கணக்குப் போடுகிறான். ஆள் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் அப்பா அர்த்த ராத்திரியில் மடை திருப்பப் போவார். பாம்புக்குப் பயப்படுவார், அதற்குத்தான் டார்ச். மனுஷனுக்குப் பயந்து அவர் நடந்து நான் பார்த்ததே இல்லை. நீயும் சின்னதில் அவர் பின்னாலேயே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு போவாய், தவளைச் சத்தத்தை வைத்தே எந்த வயலில் தண்ணீர் நிற்கிறது என்று சொல்வாய். அதே வரப்பில்தான் அன்றைக்கு நீ ஓடியிருக்கிறாய். இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாப்பிள்ளையிடம் எல்லாம் சொன்னேன். கோபித்துக்கொள்ளாதே. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி என்று அவரே உட்கார்ந்து எனக்கு விளக்கினார். புகாரை எந்த ஸ்டேஷனில் வேண்டுமானாலும் கொடுக்கலாமாம். எங்கள் எல்லை இல்லை, அங்கே போ என்று சொல்லக்கூடாதாம். எழுதி வாங்கிக்கொண்டு அவர்களே அந்த ஊர் ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டுமாம். சென்னையில் இருந்தபடியே நீ கொடுக்கலாம். திருநங்கைகளைப் போலீஸ்காரர்கள் தொந்தரவு செய்யக்கூடாது என்று 2022-ல் நம் மாநிலத்துப் போலீஸ் நடத்தை விதியிலேயே சேர்த்திருக்கிறார்களாம். ராத்திரியில் நிறுத்தி "எங்க போற, என்ன தொழில்" என்று யாராவது கேட்டால் பதறாதே. கம்பெனி அட்டையையும் கலெக்டர் கொடுத்த திருநங்கை அடையாள அட்டையையும் காட்டு. ரெண்டையும் பர்ஸில் வைக்காதே, கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொள். பர்ஸைப் பிடுங்கிக்கொண்டு போனால் அட்டையும் போய்விடும்.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவில்லை. திருநங்கைகளுக்கென்று 2019-ல் வந்த சட்டத்தில், உன்னை ஒருவன் கெடுத்தாலும் ஆறு மாசத்திலிருந்து ரெண்டு வருஷம்தான் என்றார் மாப்பிள்ளை. தங்கச்சிக்கு அதே கொடுமை நடந்தால் குறைந்தது பத்து வருஷமாம். ஒரே வயிற்றில் பிறந்த ரெண்டு பேருக்கு ரெண்டு கணக்கா? அடித்தான், வழிமறித்தான், மிரட்டினான் என்று மற்றப் பிரிவுகளையும் சேர்த்துப் புகாரில் எழுத வேண்டும் என்று மாப்பிள்ளை சொல்கிறார். எழுத அவரே கூட வருகிறாராம். உன்னைப் போலத் திருநங்கையான பிரித்திகா யாஷினி 2017-ல் சப் இன்ஸ்பெக்டர் ஆனபோது பேப்பரில் வந்த படத்தை எனக்குக் காட்டியவள் நீதானே? அந்தப் பெண் காக்கிச்சட்டை போட்டு நிற்கிற அதே போலீஸிடம் போவதற்கு உனக்கு ஏன் தயக்கம் என்று கேட்கத் தோன்றுகிறது. தயக்கம் எனக்கும் புரிகிறது. தனியாகப் போக வேண்டாம், கூட ஆள் வருகிறோம்.

அப்புறம், அவசரம் என்றால் 112. போலீஸின் காவல் உதவி ஆப் ஃபோனில் இருக்கிறதா என்று பார். ஆம்பளைகள் மட்டும் இருக்கிற ஷேர் ஆட்டோவில் ஏறாதே, அடுத்ததற்கு நில். ஆட்டோவில் ஏறுகிறதற்கு முன்னால் நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, நான் தூங்கினாலும் பரவாயில்லை, அனுப்பு. எவனாவது ஏதாவது கேட்டால் பதில் பேசிக்கொண்டு நிற்காதே, வெளிச்சம் இருக்கிற கடைக்குள் போய்விடு. மெடிக்கல் ஷாப் ராத்திரியில் திறந்திருக்கும். கொலுசைக் கழற்றிப் பையில் போடு. நீ எவ்வளவு ஆசையாக வாங்கியது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் ராத்திரி நடக்கும்போது வேண்டாம். ஃபோனில் சார்ஜ் இருக்கட்டும் என்று முன்னாலேயே எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். ராத்திரியில் வா என்று உன்னை யார் சொன்னது? நானும் சொல்லவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. தங்கச்சிக்கு வரன் பார்த்த வருஷத்தில் நீயாக ஆரம்பித்தாய், ஊர் அடங்கினதற்கு அப்புறம் வருவதும் கோழி கூவும் முன்னால் போவதும். அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளைக்கு உன்னைத் தெரியும், உனக்காகச் சட்டப் புத்தகத்தைப் புரட்டுகிறார். இன்னும் யாருக்காக இருட்டில் வருகிறாய்? முன்பெல்லாம் பஸ் ஊருக்குள் வந்து கடைத்தெருவில் இறக்கும். நாலுவழிச் சாலை வந்ததற்கு அப்புறம் பைபாஸில் தள்ளிவிட்டுப் போகிறான். அங்கிருந்து வீட்டுக்கு விளக்கே கிடையாது. டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து உங்களுக்கும் டிக்கெட் வேண்டாம் என்கிறார்கள், ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு டவுன் பஸ் ஏது?

தெருவில் பேசுவார்கள்தான். எதிர்வீட்டு அத்தை வாசலுக்கு வந்து நின்று பார்ப்பாள். பார்க்கட்டும். அப்பாயி இருந்திருந்தால் முதல் ஆளாக ஆரத்தி கரைத்திருப்பாள். தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் நடனம் படித்த திருநங்கை நர்த்தகி நடராஜுக்கு 2019-ல் பத்மஸ்ரீ கொடுத்தபோது இதே தெருக்காரர்கள்தான் டிவியைப் பார்த்து "நம்ம தஞ்சாவூர்ப் பாணி" என்று பெருமைப்பட்டார்கள். அந்த அம்மாவை மெச்சின கண்ணால் உன்னையும் பார்க்கட்டும்.

போன வெள்ளிக்கிழமை அப்பா கொள்முதல் நிலையத்திலிருந்து சாப்பிட வந்தார். உன் பெயரை எடுத்து அவர் பேசி எத்தனையோ காலம் ஆகிறது, உனக்கே தெரியும். கை கழுவிவிட்டு, துண்டில் துடைத்துக்கொண்டே, "அதை வெளிச்சத்துல வரச் சொல்லு. ரயில் ஸ்டேஷனுக்கு நான் போறேன்" என்றார். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தேன். மறுபடியும் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை, கேட்டால் மாற்றிவிடுவாரோ என்று பயம். மறுநாள் டிவிஎஸ் எக்ஸெல்லுக்குப் பின்சீட் மாட்டிக்கொண்டு வந்தார். நெல் மூட்டை ஏற்றக் கழற்றி வைத்த சீட்.

ஐப்பசி கடைமுகத்துக்கு மாயவரம் துலாக்கட்டத்தில் முழுக்குப் போட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. உன்னோடுதான் போவேன். என் பக்கத்திலேயே நின்று முழுகு, யார் என்ன சொல்வார்கள் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். அன்றைக்கு லீவு கிடைக்காவிட்டால் மறுநாள் கார்த்திகை ஒன்று முடவன் முழுக்குக்காவது கேள்.

உழவன் எக்ஸ்பிரஸ்ஸில் வராதே, அது விடியற்காலை இருட்டில் கொண்டுவந்து விடும். ஆம்னி பஸ் வேண்டவே வேண்டாம். சோழனில் வா. சோழன் எக்ஸ்பிரஸ்ஸில் காலையில் எழும்பூரில் ஏறினால் மத்தியானம் கும்பகோணத்தில் இறங்கிவிடலாம். ஜன்னலோரம் கிடைக்கிற மாதிரி இப்போதே போட்டுவிடு. உனக்குப் பிடித்த அந்த மாம்பழக் கலர் பட்டைக் கட்டிக்கொண்டு வா. ரயில் ஸ்டேஷனிலிருந்து பைபாஸைச் சுற்றிக்கொண்டு வர வேண்டாம், கடைத்தெரு வழியாகவே வாருங்கள் என்று அப்பாவிடமும் சொல்லியிருக்கிறேன். டிக்கெட் போட்டதும் எந்தத் தேதி, எந்தப் பெட்டி என்று தங்கச்சிக்கு மெசேஜ் போடு, அவள் அப்பாவுக்குச் சொல்லிவிடுவாள்.

இப்படிக்கு,
அம்மா